புகையில்லா அடுப்பில் புகை வருவது ஏன்?
(கைக்கு எட்டாத புகைவழிகளைச் சுத்தம் செய்யும் முறை)



சென்ற மாதம் ஒரு சகோதரி, தம் தாயாரின் தீராத இருமலுக்கு மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். விசாரிக்க வீட்டுக்குச் சென்றோம். சமையலறைக்குள் நுழைந்ததுமே எங்கள் கண்களும் எரிந்தன. அங்கே இருந்ததோ புகையில்லா அடுப்பு. கூரைக்கு மேல் புகைக்குழாயும் நின்றது. "போன மாசம்தான் மகன் மேலே ஏறிக் குழாயைக் குத்திவிட்டான். அப்படியும் புகை உள்ளேதான் வருது" என்றார் அந்தத் தாயார்.

கொடியடுப்புப் பானையை இறக்கிவிட்டுக் கையை விட்டுப் பார்த்தோம். குழாயின் அடி வளைவில் கரியும் சாம்பலும் இறுகிக் கிடந்தன. மகன் மேலிருந்து குத்தியதெல்லாம் அங்கேதான் விழுந்து அடைத்திருந்தது. மருத்துவ உதவி வழங்கினோம். ஆனால் அந்த அடைப்பு இருக்கும்வரை மருந்து மட்டும் என்ன செய்யும்?

கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும் நோன்புக் கஞ்சிக்கும் விருந்துச் சமையலுக்கும் பல வீடுகளில் விறகுதான் எரிகிறது. 1983-ல் மத்திய அரசு தொடங்கிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தின் மூலம் புகையில்லா அடுப்புகள் நாடெங்கும் அமைக்கப்பட்டன. அமைத்ததோடு நின்றுவிட்டால் அவை சில மாதங்களில் புகை அடுப்பாகிவிடும்.

அடைப்பு எங்கே உண்டாகிறது?

சூடான புகை லேசானது. அது தானாகவே குழாயில் ஏறும்போது, அடுப்பின் வாய் வழியாகப் புதுக்காற்றை இழுக்கிறது. முன்அடுப்பிலிருந்து கொடியடுப்புக்குச் செல்லும் சுரங்கவழி, கொடியடுப்பின் அடிப்பகுதி, குழாய் தொடங்கும் வளைவு ஆகிய மூன்று இடங்களில் புகை திரும்புகிறது. திரும்பும் இடத்தில் வேகம் குறைந்து சாம்பல் படிகிறது. ஈர விறகு எரித்தால் தார் போன்ற பிசின் குழாயின் உட்புறம் ஒட்டி, அதன்மேல் கரி சேர்கிறது. கொடியடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தாமதமாவதும், விறகு கூடுதலாகச் செலவாவதும், பற்றவைத்ததும் புகை வாய்வழியே திரும்புவதும் இதன் அடையாளங்கள்.

சுத்தம் செய்யும் முறை

1. முதல் நாள் இரவே அடுப்பை அணைத்துவிடுங்கள். சாம்பலுக்குள் கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். ஆகவே சாம்பலை இரும்புச் சட்டியில்தான் அள்ள வேண்டும். பிளாஸ்டிக் வாளி கூடாது.

2. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அடுப்பின் வாயையும் இரு கண்களையும் ஈரச் சாக்கால் மூடுங்கள்.

3. குழாயைக் கழற்ற முடிந்தால் முற்றத்துக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்வதே நல்லது. முடியாவிட்டால் மேல்மூடியை எடுத்து, கயிற்றில் கல்லும் தேங்காய்நார்க் கட்டும் சேர்த்துக் கட்டி மேலும் கீழும் இழுங்கள். ஓட்டின் மீதும் சிமெண்ட் ஷீட்டின் மீதும் கால் வைத்து ஏறாதீர்கள். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

4. பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை இனிமேல்தான். கரி அடியில் சேர அரைமணி நேரம் விட்டு, சாக்கை எடுங்கள். கொடியடுப்பு வழியாகக் கையை விட்டு வளைவில் கிடப்பதை அள்ளுங்கள். கை எட்டாத இடத்துக்குப் பழைய சைக்கிள் பிரேக் கம்பியின் நுனியைப் பிரித்துவிட்டுப் பயன்படுத்தலாம். அது வளைந்து உள்ளே போகும். கொடியடுப்பின் அடியில் வேண்டுமென்றே அமைத்த சிறு மேடு இருந்தால் அதை இடித்துவிடாதீர்கள்; தீயைப் பானையின் பக்கம் திருப்புவது அதுதான்.

5. வளைவில் ஒரு சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். மூடி எடுத்த குழாயில் வானம் தெரிந்தால் வழி திறந்துவிட்டது. மூடியைத் திரும்பப் பொருத்தி, அடுப்பின் வாயில் ஒரு காகிதத்தைக் கொளுத்துங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். விரிசல் இருந்தால் களிமண் பூசுங்கள்.

சுரங்கவழியை வாரம் ஒருமுறையும், குழாயை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். ஈர விறகு எரிப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

பழைய கல்நார் சிமெண்ட் குழாய் உள்ள வீடுகளில் அதைக் கம்பியால் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலுக்குள் போனால் பெருங்கேடு. தகரக் குழாயாக மாற்றிக்கொள்வதே சரி.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

அடைபட்ட அடுப்பில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு அறைக்குள் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. சமைக்கும்போது வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளியே வந்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புகை வராத கரிக்கங்கிலும் இந்த வாயு உண்டு. குளிருக்காகக் கங்குச் சட்டியை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்குவது உயிருக்கே ஆபத்து. உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பதை நாம் மறக்கக் கூடாது.

அந்தத் தாயாரின் அடுப்பை அன்றே சுத்தம் செய்தோம். ஒரு சாக்கில் கால்வாசி கரி வந்தது. ஆண் துணை இல்லாத வீடுகளும் முதியோர் தனித்திருக்கும் வீடுகளும் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், நம் இளைஞர்கள் வந்து செய்து தருவார்கள். ரமளானுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; ஸஹர் நேரத்தில் புகையோடு போராட வேண்டாம்.