எச்.டி.-2: மடங்காத கால்கள்

பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தில் வி. எம். காட்கே தலைமையில் உருவான பயிற்சி விமானம். முதல் பறப்பு: 1951 ஆகஸ்ட் 5. தாம்பரத்தில் உள்ள விமானப் பயிற்றுநர் பள்ளியிலும் பறந்தது.

சக்கரங்களைப் பாருங்கள். உள்ளே மடங்காதவை, எனவே இறக்க மறந்து வயிற்றால் தரையைத் தேய்க்கும் விபத்து இதற்கில்லை. ஆபத்து வேறு வகை. எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரை தொடும்போது மூக்கு சற்றே கோணினாலும் வால் முந்தப் பார்க்கும். விமானம் பம்பரமாய்ச் சுழலும். பக்கவாட்டு விசை பெரும்பாலும் ஒரே காலில் விழும். மேலிருந்து வரும் அதிர்ச்சியைத் தாங்கவே அமைந்த கால் அது. முறிந்தால் இறக்கை நுனி தரையில் இடிக்கும், சில வேளை புரொப்பல்லரும். தடுக்க வேண்டியவை சுக்கான் மிதிகளில் உள்ள மாணவரின் பாதங்கள். ஓட்டம் முழுதும் அடங்கும்வரை அவற்றுக்கு ஓய்வு கிடையாது.