மித்ராஸின் நகலா இயேசு? சான்றுகள் சொல்வது என்ன

டிசம்பர் பிறந்தால் ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் வலம்வரத் தொடங்கிவிடும். மித்ராஸ் என்ற ரோமானியத் தெய்வம் இயேசுவுக்கு முன்பே டிசம்பர் 25-ல் கன்னியிடம் பிறந்தது, பன்னிரண்டு சீடர்களுடன் வாழ்ந்தது, இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது, அந்தக் கதையைத்தான் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்கிறது அந்தப் பதிவு. கிறிஸ்தவத்தில் கிரேக்க, ரோமானியச் சமயங்களின் சாயல் துளியும் கிடையாது என்று மறுப்போரும் உண்டு. கிடைத்திருக்கும் சான்றுகள் இந்த இரண்டு தரப்புக்கும் துணைநிற்கவில்லை.

மித்ராஸ் யார்?

பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது. ஆனால் ரோமப் பேரரசில் மித்ராஸ் வழிபாட்டின் தடயங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில்தான் தென்படத் தொடங்குகின்றன. படைவீரர்கள், அரசு ஊழியர்கள், அடிமைகள் எனப் பல நிலையில் இருந்த ஆண்கள் குகைபோல் அமைந்த சிறு கோயில்களில் கூடி, ஒன்றாக உணவருந்தினார்கள். அங்குள்ள சிற்பங்களில் மித்ராஸ் பாறையைப் பிளந்துகொண்டு வெளிவருகிறார், காளையைக் கொல்கிறார். கன்னித்தாய் எங்கும் இல்லை. அவர் இறந்ததாகவே சான்று இல்லாததால், உயிர்த்தெழுந்த கதைக்கும் இடமில்லை. ‘பன்னிரண்டு சீடர்கள்’ என்று காட்டப்படுபவை அவரைச் சுற்றிச் செதுக்கிய பன்னிரண்டு ராசிகள். இயேசுவின் கடைசி இராவுணவைக் குறிப்பிடும் திருத்தூதர் பவுலின் கடிதமோ, இந்த மித்ராஸ் தடயங்களுக்கு முன்பே, கி.பி. 50களிலேயே கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதப்பட்டுவிட்டது.

கிறிஸ்தவர்களே சுட்டிய ஒற்றுமை

ஒற்றுமைகளே இல்லை என்பதும் தவறு. கி.பி. 155 வாக்கில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். இயேசு இறந்து விண்ணகம் சென்றார் என்று நாங்கள் சொல்வது, ஜீயஸின் மக்கள் எனப்படும் அஸ்க்ளேபியஸ், ஹெராக்ளிஸ் போன்றோரைப் பற்றி நீங்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டதல்லவே என்று அதில் வாதிட்டார். அதே நூலில், மித்ராஸ் அடியார்கள் அப்பமும் நீரும் வைத்துச் செய்யும் சடங்கு, கிறிஸ்தவத் திருவிருந்தைப் பார்த்துத் தீய ஆவிகள் செய்த போலி என்றும் சாடினார். ஒற்றுமை அன்றே கண்ணில் பட்டது. யாரிடமிருந்து யார் எடுத்தது என்ற சர்ச்சையும் அன்றே தொடங்கிவிட்டது.

டிசம்பர் 25

பேரரசர் அவுரேலியன் கி.பி. 274-ல் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்கு ரோமில் கோயில் அர்ப்பணித்தார். கி.பி. 354-ல் தொகுக்கப்பட்ட ரோமானிய நாட்காட்டித் தொகுப்பில் டிசம்பர் 25 ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள்’ என்றும் கிறிஸ்து பிறந்த நாள் என்றும் இரண்டு இடங்களில் பதிவாகியிருக்கிறது. சூரிய விழாவுக்குப் போட்டியாகக் கிறிஸ்துமஸ் அமைந்தது என்பது ஒரு தரப்பு. இயேசு கருவான நாளாகவும் இறந்த நாளாகவும் மார்ச் 25-ஐக் கொண்டு, அங்கிருந்து ஒன்பது மாதம் எண்ணினார்கள் என்பது மற்றொரு தரப்பு. ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் சூரிய வழிபாட்டின் பிடி எளிதில் தளரவில்லை என்பது உறுதி. ஐந்தாம் நூற்றாண்டில்கூட, பேதுரு பேராலயப் படிகளில் நின்று உதயசூரியனை வணங்கும் கிறிஸ்தவர்களைப் போப் முதலாம் லியோ கண்டித்திருக்கிறார்.

கலையும் கோயிலும்

மிகத் தெளிவான கடன் கலையில் தெரிகிறது. ஆட்டைத் தோளில் சுமக்கும் ஹெர்மீஸின் உருவம் கிரேக்கர்களுக்குப் பழகியது. ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில் அதே தோற்றத்தில் நல்ல மேய்ப்பரான இயேசுவைக் காணலாம். வாட்டிகனுக்கு அடியிலுள்ள பழைய கல்லறை ஒன்றின் கூரையில், கதிர்கள் சூழத் தேரில் வரும் சூரியதேவன் வடிவிலேயே கிறிஸ்து இருக்கிறார் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. புதிய சமயத்தைத் தழுவியவர்கள் தங்களுக்குப் பழகிய உருவங்களிலேயே அதை வரைந்துகொண்டார்கள்.

இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட துறவிகளுக்குப் போப் கிரகோரி கி.பி. 601-ல் ஒரு கடிதம் எழுதினார். கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றித் தேவாலயமாக்குங்கள் என்பது அவரது அறிவுரை. 609-ல் ரோமின் பாந்தியன் கோயிலே தேவாலயமானது.

வேர் எங்கே?

கிறிஸ்தவ நம்பிக்கையின் வேர் யூத மண்ணில் இருக்கிறது. ஒரே கடவுள், மெசியாவுக்கான காத்திருப்பு, பாஸ்கா விருந்து, இறந்தோர் எழுவார்கள் என்ற நம்பிக்கை ஆகியவை அங்கிருந்து வந்தவை. ரோமப் பேரரசில் வழிபடப்பட்ட எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் அடியார் மற்றத் தெய்வங்களையும் வணங்கலாம். ஒரே கடவுளை நம்பிய கிறிஸ்தவருக்கு அந்த அனுமதி இல்லை. பேரரசர் வழிபாட்டை மறுத்ததற்காகப் பலர் உயிரையே கொடுத்தார்கள்.

வேர் யூதருடையது, மொழி, கலை, நாட்காட்டி, கட்டடம் ஆகியவற்றில் கிரேக்க, ரோமானிய உலகின் பங்கு பெரிது. இதை ஒப்புக்கொள்வதால் யாருடைய நம்பிக்கையும் சிறுமைப்படாது. அடுத்த டிசம்பரில் அந்தப் பதிவு உங்களுக்கு வந்தால், அதில் சொல்லப்படுவதற்கு எந்த நூற்றாண்டுச் சான்று இருக்கிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், தயவுசெய்து அதை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.