நுழைந்தால் போதுமா? சிறு கணினிப் பலகைகளுக்கு மின்னிணைப்பி தெரிதல்

புத்தாக்கப் போட்டிகளின் புண்ணியத்தால் கையகலக் கணினிப் பலகைகள் எங்கட பிள்ளைகளின் கைகளுக்கும் வந்துவிட்டன. நான் தமிழ் படிப்பிக்கிறவன். இருந்தும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "சேர், இந்த அடப்டர் உள்ளுக்குப் போகுது, குத்தலாமா?" நிலைமொழியோடு வருமொழி சேரவே விதி இருக்கிறது, மின்சாரம் சேர விதி இல்லாமலா?

முதலில் டீசி ஜாக். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையிலும் ஜெட்சன் நானோ பலகையிலும் உள்ளது ஒரே அளவுதான்: பிளக்கின் வெளிவிட்டம் 5.5 மி.மீ., துளை 2.1 மி.மீ. ஊனோவுக்கு 7 முதல் 12 வோல்ட் வரை கொடுக்கலாம். நானோவுக்கு 5 வோல்ட் மட்டுமே. ஊனோவின் 12 வோல்ட் அடப்டர் நானோவிலும் தடையின்றி நுழையும். பெற்றோர் காசு சேர்த்து வாங்கிய பலகை அந்த நொடியிலேயே பழுதாகிவிடலாம். இரண்டிலும் நடுப்பின் நேர்முனை; நடுப்பின் எதிர்முனையான அடப்டர்களும் உண்டு. லேபலில் உள்ள வட்டப்படம் அதைக் காட்டும். துளை 2.5 மி.மீ. உள்ள பிளக்கும் இந்த ஜாக்கில் நுழையும், ஆனால் தளர்ந்தே நிற்கும்.

அடுத்தது மைக்ரோ யூஎஸ்பி. ராஸ்பெரி பை 3க்கு 5 வோல்ட், 2.5 அம்பியர் தரும் அடப்டர் பரிந்துரைக்கப்படுகிறது. மெல்லிய வயரின் தடை போக வர 0.2 ஓம் என்றால், 2.5 அம்பியர் ஓடும்போது அரை வோல்ட் வயரிலேயே போய்விடும். பலகைக்கு மிஞ்சுவது 4.5 வோல்ட். ஏறத்தாழ 4.63க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் அடையாளம் தோன்றும். பிள்ளை புரோக்கிராமில் பிழை தேடிக்கொண்டிருக்கும். பிழை வயரில் இருக்கும்.

டைப்-சீ இவற்றை விட நல்லது. 5 வோல்டில் 3 அம்பியர் வரை எளிதாகத் தரும். ஆனால் சொந்தமாகப் பலகை வடிவமைப்போர் அதன் இரு சீசீ பின்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் தடையி வைக்க வேண்டும். 2019இல் வந்த முதல் ராஸ்பெரி பை 4 பலகைகளில் இரண்டுக்கும் ஒரே தடையி. அதனால் சில்லு பொருத்திய சில வயர்களில் சாஜர் அதை ஒலிக்கருவி என எண்ணி மின்சாரமே கொடுக்கவில்லை. பின்னர் திருத்தினார்கள்.

மேசையில் கழற்றி மாட்டும் பலகைக்கு டைப்-சீ எடுங்கள். ஓரிடத்தில் நிலையாகப் பூட்டுவதற்குத் திருகாணி இணைப்பி போதும். நேர்முனை, எதிர்முனையை அருகிலேயே குறித்துவிடுங்கள். டீசி ஜாக்தான் என்றால், ஒவ்வொரு அடப்டரின் பிளக்கிலும் வோல்ட் எழுதிய சிறு தாளை இன்றைக்கே ஒட்டுங்கள்.