சான்றிதழ் இல்லை என்றால் அறிவும் இல்லையா?

தையல் தொழிலுக்கான உதவித் திட்டமொன்றுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு நாளில் நடந்தது இது. பெயர், முகவரி, பிள்ளைகளின் விபரம் எல்லாவற்றையும் தானே அழகான கையெழுத்தில் நிரப்பிய ஓர் அக்கா, "கல்வித் தகைமை" என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனையை வைத்துவிட்டார். சிறிது நேரம் யோசித்துவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

"ஏனக்கா, எதுவரைக்கும் படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"பதினொராம் ஆண்டு மட்டும் படிச்சனான் தங்கச்சி. சோதனைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடந்தது. அதுக்குள்ளை இடம்பெயர்ந்திட்டம். அதுக்குப் பிறகு ஆர் படிக்கிறது? நான் சோதனை எடுக்கேல்லை எண்டு மகளுக்குக்கூடத் தெரியாது. சேட்டிபிக்கற் சண்டைக்குள்ளை துலைஞ்சிட்டுது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அவள் இந்த முறை ஓ.எல். எடுக்கிறாள்."

அவர் சொன்னது 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி தொடங்கிய வலிகாமம் இடப்பெயர்வைப் பற்றி. அந்த நாட்களில் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரில் நடக்கும். பதினொரு வருடம் ஒழுங்காகப் பாடசாலை சென்ற ஒரு பெண், தன் பிள்ளைக்கே பொய் சொல்லும் அளவுக்கு வெட்கப்படுகிறார். என் களப்பணியில் இப்படியான கோடுகளை நிறையப் படிவங்களில் பார்த்திருக்கிறேன். வன்னியில், கிழக்கில், மீள்குடியேறிய கிராமங்களில் வாழும் வாசகிகள் சிலரும் இதே கோட்டை இழுத்திருப்பீர்கள். ஒருவரின் கல்வியை அளந்து பத்திரம் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதற்கான விதிகள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் இந்த வெட்கம் கொஞ்சம் குறையும் என்பது எனது நம்பிக்கை.

வித்தியாதரிசி வரும் நாள்

எங்கள் பாட்டிமாரின் காலத்தில் "வித்தியாதரிசி வருகிறார்" என்றால் பாடசாலை முழுவதும் நடுங்கும். பாடசாலைப் பரிசோதகருக்கு யாழ்ப்பாணத்தில் வழங்கிய பெயர் அது. முற்றம் கூட்டி, கரும்பலகை கழுவி, பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலும் பாடமாக்கிக் கொடுத்து ஆசிரியர்கள் காத்திருப்பார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பணக் காரணமும் இருந்தது. 1862 இல் இங்கிலாந்தில் றொபேட் லோ என்பவர் கொண்டுவந்த விதிகளின்படி, பரிசோதகர் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒழுங்காக வரவுள்ள ஒரு பிள்ளைக்காகப் பாடசாலைக்கு 8 ஷில்லிங் வரை கிடைக்கும். ஒரு பாடத்தில் பிள்ளை தவறினால் அதில் மூன்றிலொரு பங்கு வெட்டப்படும். பெண் பிள்ளைகளுக்குத் தையலும் கற்பிக்க வேண்டும் என்பது விதி. அதாவது பிள்ளை பிழை விட்டால் பாடசாலைக்குப் பணம் குறையும். விளைவு என்ன? ஆசிரியர்கள் பரிசோதகர் கேட்கக்கூடியதை மாத்திரம் படிப்பித்தார்கள். பிள்ளைகள் விளங்காமலேயே புத்தகத்தை ஒப்புவித்தார்கள். 35 வருடங்கள் பாடசாலைப் பரிசோதகராக இருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்தார். 1890களில் இங்கிலாந்து இதைக் கைவிட்டது.

இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவான பின்னர், அரசாங்க உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கும் இதே "பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு" முறை வந்தது. ஒரு மனிதர், ஒரு நாள், சில கேள்விகள். பிள்ளைக்கு அன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம், பயத்தில் வாய் கட்டியிருக்கலாம். அதெல்லாம் கணக்கில் வராது.

பெயரில்லாத விடைத்தாள்

இன்றைய பரீட்சை முறையில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. விடைத்தாளில் பெயர் எழுதக்கூடாது, சுட்டெண் மாத்திரமே எழுத வேண்டும். வித்தியாதரிசிக்குப் பிள்ளையின் முகம் தெரியும். தகப்பன் யார், எந்தக் குறிச்சி என்பதும் தெரிந்திருக்கக்கூடும். சுட்டெண்ணுக்குச் சாதியும் இல்லை, சீதனமும் இல்லை. முகாமில் இருந்து எழுதியவளா, மாடி வீட்டில் இருந்து எழுதியவளா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. பெறுபேற்றில் திருப்தி இல்லையென்றால் மீள்திருத்தத்திற்கு விண்ணப்பிக்கலாம். 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் பரீட்சைக் குற்றங்களுக்குத் தண்டனையும் விதிக்கிறது.

ஆனாலும் சுட்டெண் எல்லாவற்றையும் சமமாக்கிவிடுவதில்லை. பரீட்சை மண்டபத்துக்கு வந்து சேர்ந்தவளைத்தான் அது காக்கிறது. வர முடியாமல் போனவளைப் பற்றி அந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்திரங்களின் பெயர்கள்கூட நிலையாக இருந்ததில்லை. எங்கள் பாட்டிமார் ஜே.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. என்றார்கள். பிறகு க.பொ.த. சாதாரண தரம் வந்தது. 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் அதை நீக்கித் தேசியப் பொதுக் கல்விச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் மீண்டும் க.பொ.த.வே வந்துவிட்டது. அந்நாளில் "எட்டு டி" என்று ஊரே கொண்டாடிய பெறுபேற்றை இன்று "ஏ" என்ற எழுத்தில் எழுதுகிறார்கள். 1997 இல் 5 முதல் 14 வயது வரை என இருந்த கட்டாயக் கல்வி, 2016 இல் 16 வயது வரை என்றானது. மனிதர் இயற்றிய விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட விதியொன்று எங்களைத் தாண்டிப் போனதற்காக நாங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்?

நீங்கள் செய்யக்கூடியவை

வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, இருக்கும் விதிகளை எங்களுக்காகப் பயன்படுத்துவோம்.

1. பரீட்சை எழுதியவர்கள், சான்றிதழ் தொலைந்திருந்தாலும் கவலைப்பட வேண்டாம். பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தின் பதிவில் இருக்கும். அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள திணைக்களத்திடம் கேட்டுப் பெறலாம். இப்போது இணையத்தின் மூலமும் விண்ணப்பிக்கலாம். பரீட்சை எழுதிய ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் வேலை இலகு. சுட்டெண் மறந்துபோனால் படித்த பாடசாலையில் முதலில் விசாரியுங்கள்.

2. பரீட்சை எழுதாதவர்களுக்கும் ஒரு பத்திரம் உண்டு. அதுதான் பாடசாலை விடுகைப் பத்திரம். எந்த வகுப்பு வரை படித்தீர்கள் என்பதை அதிபர் சேர்வு இடாப்பைப் பார்த்து உறுதிப்படுத்தித் தருவார். பாடசாலை இடம் மாறியிருந்தால் அல்லது மூடப்பட்டிருந்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

3. இப்போதும் சாதாரண தரம் எழுதலாம். பாடசாலையை விட்டு விலகியவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற முடியும். அண்மைய வருடங்களில் பரீட்சைக் காலம் மாறியிருப்பதால், டிசம்பர் மாதம்தானே என்று நம்பி இருக்காமல் திணைக்களத்தின் அறிவித்தலைப் பாருங்கள்.

4. கைத்தொழில் தெரிந்தவர்களுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்டு. இதில் 7 மட்டங்கள் உள்ளன. பயிற்சி நிலையத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே தொழில் பழகியவர்களும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நல்ல சான்றிதழ்களை லமினேற் செய்து மூடிவிடாதீர்கள். பின்னால் முத்திரை குத்தி உறுதிப்படுத்த வேண்டி வந்தால் சிரமம். பிரதிகள் எடுத்து, ஒன்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் வையுங்கள். இடம்பெயர்ந்த எங்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த அக்காவுக்கு என்ன நடந்தது?

முதலில் படித்த பாடசாலைக்குப் போனோம். பழைய இடாப்பில் அவரது பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் அழுதுவிட்டார். பிறகு தையலுக்கான மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். மதிப்பீட்டாளர் வந்த அன்று காலை, "எனக்கு வித்தியாதரிசி வாறமாதிரிக் கிடக்கு" என்று கை நடுங்கச் சொன்னார். ஆனால் இவர் பாடமாக்கி ஒப்புவிக்க எதுவும் இருக்கவில்லை. துணியை வெட்டினார், தைத்தார், ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கினார். செலவுக் கணக்குப் பற்றிய கேள்விகளில் தடுமாறினார். அந்தப் பகுதிக்கு மறுபடி தோற்ற வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சரிவந்தது.

ஆனால் அவர் முதலில் மகளிடம் காட்டியது தொழிற் சான்றிதழை அல்ல, விடுகைப் பத்திரத்தை. "சோதனை எடுக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டன் தங்கச்சி. அவள் கோவிக்கேல்லை. அடுத்தமுறை நீங்களும் போடுங்கோம்மா எண்டாள்," என்றார். போடுவாரா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு அவருடையது.

அன்புச் சகோதரிகளே, அடுத்த முறை படிவத்தில் "கல்வித் தகைமை" என்ற கட்டம் வரும்போது கோடு இழுக்காதீர்கள். எட்டாம் ஆண்டு வரை படித்திருந்தால் எட்டாம் ஆண்டு என்றே எழுதுங்கள். தெரிந்த தொழிலையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டம் உங்களுடையது.