ஒரே ஃபார்முலா, பன்னிரண்டு ஷீட்கள்

எக்செல் விரிதாளில் வி-லுக்கப் ஃபார்முலா, ஓர் அட்டவணையின் முதல் பத்தியில் கேட்ட பெயரைத் தேடி, அதே வரிசையிலிருந்து வேண்டிய விவரத்தை எடுத்துத் தரும். அட்டவணை வேறு ஷீட்டில் இருந்தால் ஷீட்டின் பெயர், ஆச்சரியக்குறி, செல்களின் எல்லை என்ற வரிசையில் முகவரி தர வேண்டும்: ஜனவரி!ஏ2:சி50.

ஒரு கடையின் விற்பனைக் கணக்கு மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு ஷீட்களில் இருக்கிறது என்று கொள்வோம். மேற்கண்ட முகவரி ஜனவரியை மட்டுமே பார்க்கும். மாதத்தின் பெயரைப் பி1 செல்லில் எழுதி, '&' குறியால் முகவரியோடு ஒட்டினால் கிடைப்பது வெறும் எழுத்துத் தொடர்; வி-லுக்கப் அதை அட்டவணையாக ஏற்காது.

அந்த எழுத்தை முகவரியாக மாற்றுவது இன்டைரக்ட் ஃபார்முலா:

=விலுக்கப்(ஏ2, இன்டைரக்ட்("'"&$பி$1&"'!ஏ2:சி50"), 3, 0)

கணினியில் ஃபார்முலாப் பெயர்களையும் செல் முகவரிகளையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். முதலில் உள்ள ஏ2 தேட வேண்டிய பெயர் இருக்கும் செல். 3 என்பது விடை எடுக்க வேண்டிய பத்தி. 0 என்பது பெயர் முழுதும் பொருந்த வேண்டும் என்ற கட்டளை. இனி பி1-இல் 'மார்ச்' என்று மாற்றினாலே மார்ச் மாதக் கணக்கு வந்துவிடும். ஷீட் பெயரைச் சுற்றியுள்ள ஒற்றை மேற்கோள்குறிகள் முக்கியமானவை. 'ஏப்ரல் 2024' போல இடைவெளியுள்ள பெயர்கள் அவையின்றிச் செல்லாது.

பி1-இல் உள்ள பெயர் எந்த ஷீட்டோடும் பொருந்தாவிட்டால் '#ரெஃப்!' பிழை வரும். தேடிய பொருள் அந்த ஷீட்டில் இல்லையென்றால் வருவது '#என்/ஏ'. பி1-இல் மாதப் பெயர்களின் தேர்வுப் பட்டியல் வைத்தால் எழுத்துப்பிழை நேராது.

இன்டைரக்டுக்குச் சில வரம்புகள் உண்டு. மேற்கோளுக்குள் இருப்பது எழுத்து என்பதால், மாத ஷீட்டில் இடையே ஒரு பத்தியைச் சேர்த்தாலும் எல்லை தானாக நகராது. மூடிக் கிடக்கும் வேறொரு கோப்பிலிருந்து அது தரவை எடுக்காது. கோப்பில் எந்தச் செல் மாறினாலும் மீண்டும் கணக்கிடுவதால், ஆயிரக்கணக்கில் பயன்படுத்தினால் கோப்பின் வேகம் குறையும்.

கூகுள் ஷீட்ஸிலும் இதே முறை செல்லும். லிப்ரேஆஃபிஸ் கால்க்கின் இயல்பு அமைப்பில் ஆச்சரியக்குறிக்குப் பதில் புள்ளி இட வேண்டும். கணக்கைப் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லா மாதங்களையும் ஒரே ஷீட்டில் எழுதி, மாதத்துக்கென ஒரு பத்தி ஒதுக்கினால் இன்டைரக்டே தேவைப்படாது.