நேர்காணலில் திக்கிப் பேசுபவர்கள் என்ன செய்யலாம்? மறைப்பதைவிட முன்கூட்டியே சொல்வது நல்லது

வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் மிக எளிய கேள்வி, “உங்கள் பெயர் என்ன?” என்பதாகும். திக்கிப் பேசுபவர்கள் பலருக்கு மிகக் கடினமான கேள்வியும் அதுவே. ஒரு சொல் தடைபட்டால் வேறு சொல்லைப் பயன்படுத்தலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் இல்லை.

வயது வந்தோரில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர் திக்கிப் பேசுவதாக மதிப்பிடப்படுகிறது. மரபணுக்களுக்கும் பேச்சை இயக்கும் மூளைச் செயல்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எனினும், நேர்காணலின் பதற்றம் திக்கலை அதிகப்படுத்தக்கூடும்.

மறைப்பதால் என்ன இழப்பு?

திக்கலை மறைக்க முயல்பவரின் கவனம், விடையை விட்டு அடுத்த சொல்லைப் பற்றிய அச்சத்திற்குச் சென்றுவிடுகிறது. கடினமான சொல்லைத் தவிர்த்துச் சுற்றி வளைத்துப் பேசினால், விடை தெரியவில்லை என்றே எதிரில் இருப்பவர் கருத நேரிடும்.

எனவே, “எனக்குத் திக்கிப் பேசும் இயல்பு உண்டு. பேசி முடிக்கச் சற்று நேரம் தாருங்கள்” என்று தொடக்கத்திலேயே கூறலாம். இதில் மன்னிப்புக் கோரும் தொனி தேவையில்லை. தொலைபேசி நேர்காணலில் இது மேலும் முக்கியம். இடையே ஏற்படும் அமைதியை, இணைப்பு துண்டிக்கப்பட்டதாக எண்ணிவிடுவார்கள்.

விடைகளைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்யாமல் குறிப்புகளாக நினைவில் கொண்டு, நண்பர் ஒருவர் முன் உரக்கப் பேசிப் பழகுவது பயன் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை 21 வகை குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஆனால், உடல் உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணங்களால் ஏற்படும் நிரந்தரக் குறைபாட்டையே அது குறிப்பிடுகிறது. இடஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு சான்றளிக்கப்பட வேண்டும். ஆதலால், திக்கிப் பேசும் அனைவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிடாது. எனினும், சற்றுக் கூடுதல் நேரம் கேட்பதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் இதற்கான சிகிச்சை வழங்கப்படுகிறது.

நேர்காணல் செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. விண்ணப்பதாரர் தடுமாறும் சொல்லைத் தாமே முடித்து வைப்பதும், “நிதானமாகப் பேசுங்கள்” என்று அறிவுறுத்துவதும் அழுத்தத்தையே கூட்டும். அவர் முடிக்கும் வரை காத்திருந்து, சொன்ன விடையை மட்டும் மதிப்பிடுவதே முறை.