விசிறி இல்லாத கணனி: கடைக் கணக்குக்கு எது பொருத்தம்?

சென்ற மாதம் கிண்ணியாவிலிருந்து ஒரு வியாபார நண்பர் என் கடைக்கு வந்திருந்தார். அவருக்குப் பலசரக்குக் கடை. இப்போது மகனுக்கு மூதூரில் இன்னொரு கடை போட்டுக் கொடுத்திருக்கிறார். "நானா, ரெண்டு கடைக் கணக்கும் ஒரே இடத்தில சேரணும். வீட்டில ஒரு கணனிய ராப்பகலாப் போட்டு வெச்சா போதும் என்கிறாங்க. எத வாங்கலாம்?" என்று கேட்டார். கையில் ஒரு விலைமனு இருந்தது. இடுப்பளவு உயரமான பெட்டி, நான்கு விசிறி, 500 வோட் பவர் சப்ளை. விலையைச் சொல்லி உங்களைக் கலவரப்படுத்த விரும்பவில்லை.

இப்படி இரவு பகலாக ஓடிக்கொண்டு, மற்றக் கணனிகளுக்குக் கணக்கைக் கொடுத்து வாங்கும் பெட்டியைத்தான் சர்வர் என்கிறார்கள். பெயர் பெரிது. ஆனால் இரண்டு கடையின் பில்லும் கடன் கணக்கும் வைக்க ஒரு பிஸ்கட் டின் அளவுப் பெட்டி போதும். அதில் விசிறியே இருக்கக் கூடாது. இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நட்டப்பட்டுத்தான் படித்தேன்.

நான் கொடுத்த விலை

எனது கடை ஹாட்வெயார் கடை. துறைமுகப் பக்கம், கடல் காற்று நேரே வந்து மோதும் இடம். வாசலில் சீமெந்து மூடை ஏறும், இறங்கும். 2018இல் கவுண்டருக்குக் கீழே ஒரு பெரிய கணனி வைத்திருந்தேன். மேசன் பாஸ்மார், கொந்தராத்துக்காரர், தோணிக்காரர் என்று அறுபது பேருக்கு மேல் கடன் கணக்கு அதில்தான். கச்சான் காற்று அடிக்கும் ஒரு பகல் நேரம் பெட்டி திடீரென்று நின்றது. திறந்து பார்த்த தம்பி விசிறியைக் கையால் சுற்றினார். அது அசையவில்லை. சீமெந்துத் தூசும் உப்பு ஈரமும் சேர்ந்து இறுகிப் போயிருந்தது. சூட்டில் ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. கடைசியாகப் பிரதி எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்த நான்கு மாதக் கணக்கை ஆட்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். அநேகமானோர் இருந்ததை இருந்தபடி சொன்னார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் மட்டும் "நான் ஒரு தொகை கட்டிவிட்டேனே" என்றார். என்னிடம் பதிவு இல்லை. நான் நம்பவில்லை. முகத்தைப் பார்த்து எதுவும் சொல்லாமல் திரும்பவும் கட்டிவிட்டுப் போனார். வருட முடிவில் வங்கிக் கூற்றைப் பார்க்கும்போது அவருடைய காசோலை அதில் இருந்தது. வீடு தேடிப் போய்ப் பணத்தைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தை வாங்கிக்கொண்டார், தேநீரும் தந்தார். ஆனால் அதன் பிறகு அவர் என் கடைப் படி ஏறவில்லை.

கடனை எழுதி வைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. குர்ஆனில் மிக நீளமான வசனமே அதைப் பற்றியதுதான். எழுதினால் மட்டும் போதாது, எழுதியது அழியாமலும் இருக்க வேண்டும் என்பதை அந்த மனிதரை இழந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன்.

விசிறி ஏன் எதிரி?

விசிறியின் வேலை வெளிக்காற்றை உள்ளே இழுத்துச் சூட்டை வெளியே தள்ளுவது. குளிரூட்டிய அலுவலகத்தில் அது நல்ல வேலை. நம் ஊரில் அந்தக் காற்றோடு உப்பும் வருகிறது. உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அது தூசோடு சேர்ந்து சர்க்கியூட் பலகையில் படிந்தால் செப்புத் தடங்களை அரிக்கும். ஓடக் கூடாத இடத்தில் மின்சாரம் கசியும். சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் இருக்கின்றன. அந்தச் சரக்கை விற்கும் கடைக்காரருக்குத் தூசைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

விசிறி இல்லாத கணனியில் சூடு அலுமினியப் பெட்டி வழியாகவே வெளியேறும். மோட்டார் சைக்கிள் என்ஜினில் தகடு தகடாக இருக்கிறதே, அதே வேலைதான். அசையும் பாகம் இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் சுற்றும் தட்டும் இல்லை. உப்புக் காற்று அடியோடு போகாது என்பதும் உண்மைதான். ஆனால் அதை வலிந்து உள்ளே இழுப்பது நின்றுவிடும்.

கறண்ட் கணக்கு

பழைய பெரிய கணனி சுமார் 100 வோட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணித்தியாலமும் ஓடினால் நாளுக்கு 2.4 அலகு, 30 நாளைக்கு 72 அலகு. விசிறி இல்லாத சிறிய பெட்டி 10 வோட் எடுத்தால் மாதத்துக்கு 7.2 அலகு. அலகு 40 ரூபா என்று பார்த்தால் ஒன்றுக்கு 2,880 ரூபா, மற்றதுக்கு 288 ரூபா. உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது. பிறகு கொஞ்சம் இறங்கியது, திரும்ப ஏறியது. எந்த விலையிலும் பத்தில் ஒரு பங்கு என்பது மாறாது.

அதைவிடப் பெரிய விடயம் மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் இல்லாமல் இருந்ததை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருளானது. சாதாரண சிறு யூபிஎஸ் ஒன்றில் 12 வோல்ட், 7 அம்பியர் மணி பெட்டரி இருக்கும். அது 84 வோட் மணி. அதில் ஒரு பங்கு வீணாகப் போகும் என்று கழித்தாலும் 10 வோட் பெட்டியை நான்கைந்து மணித்தியாலம் ஓட்டலாம். 100 வோட் கணனிக்கு அரை மணித்தியாலம் தாண்டாது.

மூன்று வழிகள்

முதலாவது, ராஸ்பெரி பை. பிரித்தானியாவில் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்கென்று 2012 பெப்ரவரி 29இல் 35 டொலருக்கு வெளியிட்ட உள்ளங்கை அளவுக் கணனி. 2019இல் வந்த நான்காம் வகையை அலுமினியக் கூட்டில் வைத்தால் விசிறி தேவையில்லை. 2023இல் வந்த ஐந்தாம் வகை வேகமானது, சூடும் கூட. இதில் இரண்டு கவனம் வேண்டும். மெமரி கார்ட்டில் கணக்கை வைக்காதீர்கள். கறண்ட் போய்ப் போய் வந்தால் கார்ட் கெட்டுவிடும். எஸ்எஸ்டி பூட்டுங்கள். அடுத்தது, நான்காம் வகையில் தனிக் கடிகார பெட்டரி இல்லை. இன்டர்நெட் இல்லாமல் எழும்பினால் திகதி பிழைக்கும். பில்லில் திகதி பிழைத்தால் என்ன சண்டை வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, பாவித்த தின் கிளையன்ட். வேலையெல்லாம் சர்வரில் நடக்க, மேசையில் மட்டும் வைக்கும் மெல்லிய பெட்டிக்கு அந்தப் பெயர். இந்த யோசனையைச் சென்னையில் நொவேட்டியம் என்ற நிறுவனம் 2000களில் வீடுகளுக்கும் கொண்டுபோகப் பார்த்தது. ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் தொழிலதிபர் ராஜேஷ் ஜெயினும் அதன் பின்னால் நின்றார்கள். வீடுகளில் அது பெரிதாகப் பரவவில்லை. வெளிநாட்டு அலுவலகங்களில் இந்த வகைப் பெட்டிகள் நிறையப் பாவிக்கப்பட்டு, இப்போது கழித்து விடப்படுகின்றன. டெல் வைஸ் 5070, எச்பி டி630 இரண்டும் விசிறி இல்லாதவை. உள்ளே எஸ்எஸ்டி பூட்ட இடமும் உண்டு. நமது வேலைக்கு இவற்றையே தனிச் சர்வராக ஓட்டலாம். வாங்கும்போது மூல அடப்டர் இருக்கிறதா, பயோஸ் பூட்டுப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் நாணய பெட்டரியையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, புதிய மினி பிசி. இன்டெல் 2023 தொடக்கத்தில் வெளியிட்ட என்100 சிப் 6 வோட் அளவுக்குச் செய்யப்பட்டது. அதைப் போட்ட பெட்டிகள் விசிறியோடும் வருகின்றன, இல்லாமலும் வருகின்றன. சிறியது என்றால் விசிறி இல்லாதது என்று நினைத்துவிடாதீர்கள். லெனோவோ டைனி, டெல் மைக்ரோ போன்ற அழகான சின்னப் பெட்டிகளுக்குள் விசிறி இருக்கிறது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு கடைக்குத் தாராளம்.

பணம் எண்ணும் முன் கேட்க வேண்டியவை

முதலில் உங்கள் பில் போடும் மென்பொருள்காரரிடம் கேளுங்கள். விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் ராஸ்பெரி பையில் ஓடாது. இதைக் கேட்காமல் வாங்கியவர் பெட்டியை அலுமாரியில்தான் வைக்க வேண்டி வரும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய பெட்டி வாங்கினால் அதில் எது ஓடும் என்பதையும் கேளுங்கள். மென்பொருள் அனுமதித்தால் லினக்ஸ் இலவசம்.

அடுத்து, அது எத்தனை வோல்டில் ஓடுகிறது? 12 வோல்ட் என்றால் ரவுட்டருக்கு விற்கும் மினி யூபிஎஸ் சிலவற்றிலேயே ஓடலாம், அம்பியர் போதுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். தின் கிளையன்ட் அநேகமாக 19 வோல்ட். அதற்குச் சாதாரண யூபிஎஸ்தான்.

பிறகு, கறண்ட் வந்ததும் தானாக எழும்புமா? ராஸ்பெரி பை எழும்பும். மற்றவற்றில் பயோஸில் ஒரு தெரிவை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், நள்ளிரவில் கறண்ட் போய் வந்த பிறகு காலையில் மூதூர்க் கடை பில் போட முடியாமல் நிற்கும்.

வைக்கும் இடம்

தகடு தொட்டால் சுடும். அது அதன் இயல்பு, பயப்பட வேண்டாம். பூட்டிய அலுமாரிக்குள்ளும் தகரக் கூரைக்கு அடியிலும் யூபிஎஸ்ஸின் முதுகிலும் வைக்காதீர்கள். கடல் பக்க ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், ஆள் உயரத்தில் ஒரு தட்டு அடித்து வையுங்கள். சுனாமியும் 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளமும் கண்ட நமக்குத் தரையில் எதையும் வைக்க மனம் வராது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இடி மின்னல் அதிகம். தொலைபேசி வயர் வழியாகவும் அது வரும் என்பதால் ரவுட்டருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

இரண்டு கடையையும் இணைக்க வீட்டுப் பெட்டியை நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடாதீர்கள். வீபிஎன் என்ற தனிப் பாதை வழியாக இணைக்கச் சொல்லுங்கள். 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணனிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளே திண்டாடின.

பெட்டி கணக்கல்ல

எந்தப் பெட்டியும் ஒரு நாள் போகும். விசிறி இல்லாததும் போகும். ஆகவே கணக்கு மூன்று இடத்தில் இருக்கட்டும். ஒன்று சர்வரில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு கட்டிடத்தில். வெளி டிஸ்க்கைப் பிரதி எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். செருகியபடி இருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். சுனாமியில் கடையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். வேறு கட்டிடம் என்று சொல்வது அதனால்தான்.

கிண்ணியா நண்பர் கடைசியில் பாவித்த தின் கிளையன்ட் ஒன்று வாங்கினார். அவருடைய மென்பொருள் அதில் ஓடும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டார். மிஞ்சிய காசில் யூபிஎஸ்ஸும் இரண்டு வெளி டிஸ்க்கும் வந்தன. ஒன்று அவர் கடையில், மற்றது மூதூரில் மகனிடம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் முன் பிரதி எடுப்பது என்று பேசிக்கொண்டோம். நானும் அப்படித்தான் செய்கிறேன். கதவை இழுக்கும் முன் டிஸ்க்கைச் செருகுவேன், வுழூச் செய்துவிட்டு வரும்போது வேலை முடிந்திருக்கும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போவேன்.

பெட்டி வாங்க இன்னும் மாதம் ஆகலாம். பிரதி எடுக்க இந்த வெள்ளிக்கிழமையே போதும்.